சமச்சீர்த் திறப்பின் தடம்: பழைய சதுரங்கத்திலிருந்து திருச்சி கிளப் மேசை வரை

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளில் இரு தரப்பினரும் தத்தம் காய்களைப் பின்வரிசையிலிருந்து வெளியே கொண்டுவந்து, மோதலுக்கு ஏற்ற கட்டங்களில் நிறுத்தும் பகுதியைத் திறப்பு என்பர். பலகையின் நடுவில் உள்ள நான்கு கட்டங்களைச் சிப்பாய்களால் உடனே பிடித்துக்கொள்ள முயலும் திறப்புகள் ஒரு வகையாகவும், நடுவை முதலில் தொடாமல் ஓரத்துச் சிப்பாய்களை நகர்த்தித் தொலைவிலிருந்தே அதைக் கட்டுப்படுத்தும் திறப்புகள் மற்றொரு வகையாகவும் அமைய, இரண்டாம் வகை பக்கவாட்டுத் திறப்பு எனப்படுகிறது. வெள்ளைக் காய்களை ஆடுபவர் சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுவது ஆங்கிலேயத் திறப்பு. கருப்புக் காய்களை ஆடுபவரும் அதே வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பதில் சொன்னால் அது அத்திறப்பின் சமச்சீர் வகை. இதன்பின் இருவரும் ஜி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் உயர்த்தி, அச்சிப்பாய் விட்ட இடத்தில் பிஷப்பை, அதாவது கோணல்வழி செல்லும் காயை, நிறுத்துவது வழக்கம். ஃபியன்கெட்டோ எனப்படும் இந்த அமைப்பில் பிஷப் பலகையின் ஒரு மூலையருகே இருந்துகொண்டே எதிர்மூலை வரை நீளும் கோணல்வழி முழுவதையும் காக்கிறது. உலகச் சதுரங்க நூல்கள் பின்பற்றும் பெல்கிரேடு வகைப்பாட்டில் இச்சமச்சீர் வகைக்கு ஏ30 முதல் ஏ39 வரை பத்துக் குறியீடுகள் ஒதுக்கப்பட்டுள்ளன.

பெரும் போட்டிகளில் பெரிதும் ஆராயப்பட்ட இத்திறப்பு, ஊர்தோறும் உள்ள கிளப்புகளில் வாரமுடிவில் ஆடுவோரிடமும் நிலைபெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் அது வேரூன்றிய வரலாற்றை ஆராயும்போது, இந்தியர் இயல்பிலேயே நிதானமாக ஆடுபவர்கள், ஆகவே நிதானமான திறப்புகள் அவர்களுக்குப் பொருந்தின என்ற விளக்கம் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. திறப்பின் வேகத்தை ஆட்டத்தின் விதியும் ஆடும் சூழலுமே தீர்மானித்தன என்பதற்குச் சான்றுகள் போதிய அளவில் உள்ளன.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையில் உள்ள காட்டூரை இவ்வாராய்ச்சிக்கு ஒரு நிலைக்களமாகக் கொள்ளலாம். மேற்கே காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம். கிழக்கே அதே சாலை தஞ்சையைக் கடந்து நீடாமங்கலம் பக்கம் செல்கிறது. ஸ்ரீரங்கத்தைப் போன்ற வைணவத் தலங்களை ஒட்டிய வீடுகளில் வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பு இரவில் பரமபத சோபானப் படம் விரித்து ஆடுவது நெடுநாள் வழக்கம்; அது முழுவதும் தாயத்தின் விழுக்காட்டை நம்பிய ஆட்டம். கோயில் மண்டபத் தளங்களிலும் ஊர்ப்பொதுத் திண்ணைகளிலும் கட்டங்கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தில் தாயத்துக்கு வேலையில்லை. ஆனால் மூன்று புலிகளுக்கு எதிரே பதினைந்து ஆடுகள் நிற்பதால், இரு தரப்பின் வலிமையும் நோக்கமும் தொடக்கத்திலிருந்தே வேறுபட்டவை. தாயமும் இல்லாமல், ஏற்றத்தாழ்வும் இல்லாமல், ஒரே எண்ணிக்கையிலான ஒரே வகைக் காய்களோடு இருவர் எதிரெதிரே அமரும் ஆட்டம் சதுரங்கமே. சமச்சீர்த் திறப்பு அந்தச் சமநிலையைத் தொடக்க நிறுத்தத்தோடு விட்டுவிடாமல், மேலும் பல நகர்வுகளுக்கு நீட்டிக்கும் முறையாகும்.

நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரோடு எழுந்தருளியிருக்கிறார். சதுரங்கத்தில் வெல்வாரின்றி இருந்த அரசகுமாரி இராசராசேசுவரியைச் சிவபெருமான் முதியவர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. திருநாவுக்கரசரின் பதிகம் பெற்ற தலம் இது எனினும், தலபுராணக் கதையை அக்காலத்துச் சதுரங்கத்துக்கு நேர்ச்சான்றாகக் கொள்வது முறையாகாது. காவிரிச் சமவெளியில் இவ்வாட்டம் அரசரும் தெய்வமும் ஆடத்தக்க உயர்ந்த கலையாக மதிக்கப்பட்டதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

பழைய இந்தியச் சதுரங்கத்தின் விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறினாலும், அவற்றின் பொதுவான போக்கை 1913-இல் வெளிவந்த ஹெச். ஜே. ஆர். மரே என்பவரின் பெருநூல் விரிவாகத் தொகுத்திருக்கிறது. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இன்று கோட்டை கட்டுதல் எனப்படும், ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் உரிமை கிடையாது. அதற்கு ஈடாக, ராஜா முற்றுகைக்கு உள்ளாகும் முன் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். கடைசி வரிசையை அடையும் சிப்பாய் விரும்பிய காயாக மாறாது. அது அடைந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். காய் நிறுத்தத்திலும் ஒரு வேறுபாடு இருந்தது. இன்றைய பலகையில் ராஜாவுக்கு நேரெதிரே ராஜாவும் ராணிக்கு நேரெதிரே ராணியும் நிற்க, பழைய நிறுத்தத்தில் ஒருவரது ராஜாவுக்கு நேரே மற்றவரது மந்திரி நின்றது. அன்றைய சமச்சீர் கண்ணாடியில் தெரியும் உருவத்தின் சமச்சீராக இல்லாமல், பலகையை அரைவட்டம் சுழற்றினால் பொருந்தும் சமச்சீராக இருந்தது என்பது வடிவியல் நோக்கில் கருதத்தக்கது.

சிப்பாய் ஒரு கட்டமே நகரும் ஆட்டத்தில் இரு படைகளும் ஒன்றையொன்று தொட நெடுநேரம் ஆகும். அதுவரை அவரவர் எல்லைக்குள் அணிவகுப்பை அமைப்பதே திறப்பின் வேலை. இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதைச் சார்ந்து வாழ்ந்த அஸ்-ஸூலியும் அவர் மாணாக்கர் அல்-லஜ்லாஜும் எழுதியவற்றில், முன்கூட்டியே தீர்மானித்த அணிவகுப்புகளுக்குத் தனிப்பெயர்கள் வழங்கின. அவற்றுள் ஒன்று சிறகு விரித்தது என்னும் பொருளில் முஜன்னஹ் எனப்பட்டது. அக்காலத்துப் பிஷப் இரண்டு கட்டம் மட்டுமே கோணலாகத் தாவியதால் இன்றைய ஃபியன்கெட்டோவை அங்கே தேடக்கூடாது. ஆயினும், மோதலைத் தள்ளிவைத்து ஓரங்களைக் கட்டமைத்து, எதிராளியும் அவ்வாறே செய்யக் காத்திருக்கும் முறை சதுரங்கத்தின் மிகப் பழைய முறைகளுள் ஒன்று என்பதை அவ்வணிவகுப்புகள் காட்டுகின்றன.

ஐரோப்பிய விதிகளோடு இந்திய ஆட்டக்காரர் முதலில் கலந்த காலத்துச் சான்றுகளுள் தென்னாட்டைச் சார்ந்தவை இரண்டு சிறப்பானவை. திருவேங்கடாசாரிய சாஸ்திரி வடமொழியில் இயற்றிய விலாசமணிமஞ்சரி என்ற சதுரங்க நூல், ஐரோப்பிய ஆட்டமுறைக்கேற்ப ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1814-இல் பம்பாயில் அச்சாயிற்று. ஆசிரியரின் பெயரே தென்னாட்டு வைணவ மரபைச் சுட்டுகிறது. அந்நூலின் பெரும்பகுதி ஆட்டத்தின் இறுதியில் எழும் சிக்கலான நிலைகளைப் பற்றியதாதலால் திறப்பு ஆராய்ச்சிக்கு அதிகம் உதவாது. இரண்டாவது சான்று சென்னையிலேயே தோன்றியது. 1828-இலும் 1829-இலும் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே அஞ்சல்வழியில் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. அவற்றோடு மூசியோ காம்பிட் என்ற திறப்பைப் பற்றிய ஆராய்ச்சியும் சேர்ந்து, சென்னையைச் சேர்ந்த குலாம் காசிமும் சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனும் எழுதிய நூலாக 1829-இல் சென்னையில் வெளியாயின.

மூசியோ காம்பிட் என்பது தொடக்கத்திலேயே ஒரு குதிரையைப் பலிகொடுத்து எதிராளியின் ராஜாவின்மேல் பாயும் திறப்பாகும். அதைவிடப் பொறுமையற்ற திறப்பைக் காண்பது அரிது. அதன் ஒரு கிளைக்கு இன்றும் குலாம் காசிமின் பெயர் வழங்குகிறது. சிப்பாய்க்கு இரண்டு கட்ட உரிமை கிடைத்ததும் சென்னை ஆட்டக்காரர் ஒருவர் உலகம் மதிக்கும் அளவுக்குத் தாக்குதல் ஆட்டத்தில் தேர்ந்துவிட்டார் என்றால், முந்தைய நிதானம் விதியால் வந்ததே அன்றி மனப்பாங்கால் வந்ததன்று என்பது தெளிவாகிறது.

இதற்கு எதிரான சான்றுபோலத் தோன்றுவது வங்காளத்திலிருந்து வருகிறது. கல்கத்தாவில் வழக்குரைஞராக இருந்த ஜான் காக்ரேன் (மேலே கூறிய ஜேம்ஸ் காக்ரேனிலிருந்து வேறானவர்) 1848 முதல் மொகேஷ்சந்திர பானர்ஜி என்பவரோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். கிராமப்புறத்தில் பழைய விதிப்படி ஆடித் தேர்ந்த மொகேஷ்சந்திரர், புதிய விதிகளைக் கற்ற பின்னும் ஜி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் உயர்த்தி அங்கே பிஷப்பை நிறுத்தும் வழக்கத்தை விடவில்லை. அன்றைய ஐரோப்பியர்க்கு விந்தையாகத் தோன்றிய அவ்வமைப்பு, பிற்காலத்தில் கிங்ஸ் இந்தியன், குரூன்ஃபெல்ட் என்ற பெயர்களால் உலகெங்கும் பரவிய தற்காப்புகளின் முன்வடிவம். 1855-இல் அவர் ஆடிய ஓர் ஆட்டமே குரூன்ஃபெல்டின் முதற்பதிவாகக் காட்டப்படுகிறது. இங்கும் காரணம் விதிதான்: ஒரு கட்ட நகர்வுக்குப் பழகிய கை, இரண்டு கட்டம் நகரும் உரிமை வந்த பின்னும் தனக்கு நன்றாகத் தெரிந்த அணிவகுப்பையே நாடியது. குலாம் காசிமும் மொகேஷ்சந்திரரும் ஒரே நாட்டின் பழைய ஆட்டத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் சென்றவர்கள். அவர்களுள் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு இந்திய இயல்பு என்று ஒன்றை வரையறுப்பது வரலாற்றுக்கு இழைக்கும் தவறாகும்.

ஆங்கிலேயத் திறப்புக்கு அப்பெயர் வந்தது இங்கிலாந்தின் ஹவர்ட் ஸ்டாண்டன் 1843-இல் பாரிஸில் பிரெஞ்சு ஆட்டக்காரர் சேன்ட் அமானுக்கு எதிராக அதைப் பலமுறை கையாண்டதால். அடுத்த எண்பது ஆண்டுகள் அது ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. 1920-களில் ரேட்டி, நிம்சோவிச், டார்டகோவர் முதலியோர், நடுக்கட்டங்களைச் சிப்பாயால் பிடிப்பதைவிடத் தொலைவிலிருந்து காய்களால் தாக்குவதே வலிமை என்று வாதிட்டனர். எட்டாண்டுகள் தோல்வியறியாதிருந்த உலகச் சாம்பியன் கபாபிளாங்காவை 1924-இல் நியூயார்க்கில் ரேட்டி பக்கவாட்டுத் திறப்பாலேயே வீழ்த்தியபின் இக்கருத்துக்கு மதிப்பு உயர்ந்தது. ஃபியன்கெட்டோ தற்காப்புகளுக்கு இந்தியன் என்ற அடைமொழி நூல்களில் நிலைபெற்றதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான்.

அதே காலத்தில் தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் பழைய விதிகளே வழக்கில் இருந்தன. 1960-கள் வரை நாட்டுச் சதுரங்கமும் பன்னாட்டுச் சதுரங்கமும் அருகருகே ஆடப்பட்டன. இம்மாற்றத்தை விரைவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். 1935-இல் பர்மாவின் டவுங்கு நகரில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959-க்கும் 1981-க்கும் இடையில் ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றார். 1961-இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க ஆட்டக்காரரும் அவரே. 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற மண்டலங்களிடைப் போட்டியில் கடைசி இடத்தையே பெற்றாலும், அங்கே போர்டிஷ், உல்மான் ஆகிய இரு பெரும் ஆட்டக்காரர்களை வென்றார். தம் வெற்றிகளோடு அமையாமல், திறப்புகளை நூல்வழி முறையாகப் பயில வேண்டும் என்று இளைஞரிடம் இடையறாது வலியுறுத்தியதும், ஆட்டக்காரர் குழுக்களை அமைத்ததும் அவரது நிலையான தொண்டு. 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்க கிளப் அம்முயற்சியின் விளைவு. சோவியத் நூல்களும் இதழ்களும் தமிழ்நாட்டு இளைஞர் கைக்கு எளிதில் எட்டியது அதன்வழியே. அன்னையிடம் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த் சிறுவனாகச் சென்று பழகிய இடமும் அதுவே. கோயம்புத்தூரில் நடைபெற்ற போட்டியின்வழி அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆகவே, இன்று தமிழ்நாட்டு கிளப்பில் ஒருவர் ஜி2 கட்டத்தில் பிஷப்பை நிறுத்தும்போது, அவர் பாட்டனார் ஆடிய நாட்டுச் சதுரங்கத்தின் மரபை அறுபடாமல் தொடர்கிறார் என்று சொல்வதற்கில்லை. நாட்டு மரபு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அறுந்தது. கல்கத்தாவில் பதிவாகி, ஐரோப்பாவில் கோட்பாடாகி, மாஸ்கோவில் அச்சான நூல்களின் வழியே அதே அமைப்பு சுற்றிவளைத்துத் திரும்பி வந்தது என்பதே பொருந்தும் வரலாறு.

அது ஊர் கிளப்புகளில் நிலைபெற்றதற்கு வேறு காரணம் உண்டு. திருச்சியின் கிழக்குப் பகுதி தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாறியது; 1960-களில் திருவெறும்பூரை அடுத்துப் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் எழுந்தன; 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரி துவாக்குடிப் பக்கம் தொடங்கியது. இவற்றுக்கு இடைப்பட்ட காட்டூர் போன்ற பகுதிகளில் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கும் கல்லூரி மாணவருக்கும் சதுரங்கத்துக்குக் கிடைப்பது மாலையில் ஓரிரண்டு மணி நேரம். சிசிலியன் தற்காப்பு போன்ற கூர்மையான திறப்புகளில் இருபது நகர்வுகள் வரை மனப்பாடம் செய்யாதவர் ஒரே பிழையில் தோற்கக்கூடும். சமச்சீர் ஆங்கிலேயத் திறப்போ முதல் ஆறு நகர்வுகளைக் கருத்தளவில் புரிந்துகொண்டவர்க்கே ஆடத்தக்க நிலையை அளித்துவிடுகிறது. படிக்க நேரமில்லாதவர் ஆட்டத்தின் நடுப்பகுதி வரை சேதமின்றிச் சேர இதைவிட நம்பகமான வழி குறைவு.

அத்தகைய ஓர் ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் இவ்வாறு அமையும். இருவரும் சி வரிசைச் சிப்பாயைத் தள்ளி, ராணிப்பக்கக் குதிரையை வெளியே கொண்டுவந்து, ராஜாப்பக்கப் பிஷப்பை ஃபியன்கெட்டோவில் நிறுத்தி, மற்றொரு குதிரையையும் எடுத்துக் கோட்டை கட்டுவர். ஆறு நகர்வுகள் முடிந்த நிலையில் பலகையின் மேற்பாதி கீழ்ப்பாதியின் பிரதிபிம்பமாக நிற்கும். இங்கே வெள்ளைக்குள்ள ஒரே வேறுபாடு, அடுத்த நகர்வு தம்முடையது என்பது. டி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அவர் நடுவைத் திறந்தால், சிப்பாயும் குதிரைகளும் வெட்டுப்பட்டு, வெள்ளையின் ராணி டி4 கட்டத்தில் வந்து நிற்கும். கருப்புப் பிஷப்பின் கோணல்வழியில், கருப்புக் குதிரைக்குப் பின்னால் நிற்கும் ராணி அங்கே நீடிக்க முடியாதாதலால் டி3-க்குப் பின்வாங்க வேண்டும். இது வெளிப்படையான வழி. மற்றொரு வழி, யானையை பி1-க்குக் கொண்டுவந்து ஏ, பி வரிசைச் சிப்பாய்களை முன்னேற்றிக் கருப்பின் சி வரிசைச் சிப்பாயை அசைத்துப் பார்ப்பது. மூன்றாவது, சோவியத் சாம்பியன் போட்வின்னிக்கின் பெயரால் வழங்கும் அமைப்பு: சி4, டி3, இ4 கட்டங்களில் சிப்பாய்களை நிறுத்தி, ராஜாப்பக்கக் குதிரையை எஃப்3-க்குப் பதிலாக இ2-இல் வைத்து எஃப் வரிசைச் சிப்பாய்க்கு வழிவிடுவது. இதில் டி4 கட்டம் காவலின்றிப் போவதை அறிந்தே வெள்ளை ஏற்கிறார்.

கிளப் நிலையில் இத்திறப்பால் தோற்பவர் பெரும்பாலும் நகலெடுப்பதை எப்போது நிறுத்துவது என்று அறியாத கருப்பு ஆட்டக்காரரே. எதிராளி செய்வதையே செய்துகொண்டிருப்பவர் ஒரு நகர்வு பின்தங்கியே இருப்பார். முதல் முற்றுகையோ முதல் வெட்டோ வரும்போது அந்தப் பின்னடைவு திடீரென்று பெரிதாகும். நல்ல ஆசிரியர்கள் மாணவருக்கு இத்திறப்பைக் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்வியில் கருத்து வேறுபாடு உண்டு. தாக்குதலைக் கற்குமுன் காத்திருத்தலைக் கற்பவர் சோம்பலான ஆட்டத்துக்குப் பழகிவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. தொடக்க நிலைச் சிறுவர்க்கு நடுவைப் பிடிக்கும் திறப்புகளே ஏற்றவை. இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சிக்குப் பின் சமச்சீர்த் திறப்பைக் கற்பிப்பது பொருத்தமாகும்.

பழைய கிளப் ஆட்டங்களின் பதிவுமுறையும் இங்கே குறிக்கத்தக்கது. 1970-கள் வரை இந்திய ஆட்டக்காரர் பலர் ஆங்கில விளக்கக் குறிப்பு முறையையே பின்பற்றினர். அதில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே கட்டங்களை எண்ணினர். இன்று வெள்ளைக்கு சி4 என்றும் கருப்புக்கு சி5 என்றும் எழுதப்படும் நகர்வுகள், அம்முறையில் இரு பத்திகளிலும் ஒன்றுபோலவே, ராணிப்பக்கப் பிஷப் வரிசையின் நான்காம் கட்டத்துக்குச் சிப்பாய் என எழுதப்பட்டன. சமச்சீர்த் திறப்பில் ஆடிய ஆட்டத்தின் பழைய தாளைப் பார்த்தால் இடப்பத்தியும் வலப்பத்தியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதையும், எந்த வரியில் ஒப்புமை உடைகிறதோ அந்த வரியில் ஆட்டம் உண்மையில் தொடங்கியது என்பதையும் காணலாம். உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1981 முதல் அம்முறைக்கு அளித்த ஏற்பை விலக்கிக்கொண்டது.

பக்கவாட்டுத் திறப்பின் மதிப்பை அண்மைக் காலத்தில் உறுதிசெய்தது 2024-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டி. சென்னையைச் சேர்ந்த குகேஷ் சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்ற அப்போட்டியில், வெற்றி தோல்வியில் முடிந்த கடைசி மூன்று ஆட்டங்களும் பக்கவாட்டுத் திறப்புகளே. பதினொன்றாம் ஆட்டத்தைக் குகேஷ் குதிரை எஃப்3 என்று தொடங்கி வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தை டிங் ஆங்கிலேயத் திறப்பால் வென்று சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று நடைபெற்ற பதினான்காம் ஆட்டத்தில் டிங் மீண்டும் குதிரையை எஃப்3-இல் வைத்து ஜி2-இல் பிஷப்பை நிறுத்தினார். சமநிலையில் முடியவேண்டியிருந்த அவ்வாட்டத்தில் ஐம்பத்தைந்தாம் நகர்வில் அவர் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்த பிழையால் பதினெட்டு வயதுக் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

சாம்பியன்களின் ஆட்டங்கள் அனைத்தும் அச்சிலும் கணினியிலும் காக்கப்படுகின்றன. நாட்டு விதியிலிருந்து பன்னாட்டு விதிக்கு ஊர்கள் மாறிய விதத்தையோ, தாக்குதல் திறப்புகளை விட்டு ஆட்டக்காரர் பக்கவாட்டுத் திறப்புகளுக்கு எந்த ஆண்டுகளில் திரும்பினர் என்பதையோ அவை காட்டமாட்டா. அதைக் காட்டவல்லவை பொன்மலை, திருவெறும்பூர், காட்டூர், ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் பழைய ஆட்டக்காரர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடிய ஆட்டத்தாள்களும் நோட்டுப்புத்தகங்களும் மாவட்டப் போட்டி அட்டவணைகளுமே. பழைய குறிப்பு முறையில் எழுதப்பட்ட தாள்களை இளைய தலைமுறை படிக்கத் தெரியாமல் பழைய காகிதத்தோடு போட்டுவிட வாய்ப்புண்டு. அவற்றை வைத்திருப்போர் ஆட்டக்காரரின் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைத் தாளின் மேலேயே குறித்து, அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். மாவட்டச் சதுரங்க அமைப்புகளும் அதற்கு முன்வந்து உதவ வேண்டும்.